தண்ணீர் வண்டிப் பேட்டை

சிங்கப்பூர் நகரின் தென்பகுதியிலே சவுத் பிரிட்ஜ் வீதி என்றொரு பெருவீதி உண்டு. சீன எழுத்துப் பலகைகளும் செந்நிற விளக்குகளும் நிறைந்த அவ்வீதியிலே, தெய்வத் திருவுருவங்கள் செறிந்த திராவிடக் கோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. அக்கோபுரத்தின் அருகே ஓடும் சிறிய தெருவுக்குப் பகோடா தெரு என்பது பெயர். இப்பெயரைப் படிக்கும் பயணிகள் பலர், சீனரின் அடுக்கு மாடக் கோபுரம் ஒன்று அங்கே இருக்கும் என்று எண்ணித் தேடுவதுண்டு. தேடினும் கிடையாது. அக்காலத்து ஐரோப்பியர் நம்மவருடைய கோவில்களையும் 'பகோடா' என்றே அழைத்தனர். ஆதலின் சீனர் பேட்டையின் நடுவிலுள்ள இத்தெரு, மாரியம்மன் கோவிற் கோபுரத்தால் அப்பெயரைப் பெற்றது.

நேயர்களே, அந்தச் சீனர் பேட்டையின் வரலாற்றையும் அதன் இயல்பையும் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, இளைப்பாறிய பின் ஊர் திரும்பிய பெரியோர் யாழ்ப்பாணத்திலே ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தனர். அவர்களுடைய பேச்சிலே அந்நகரத்தின் பெயர் அடிக்கடி வந்து போகும். ஆயினும் தம்மைப் போலவே கடல் கடந்து அங்கு வந்த சீனர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அதனை அறிவது நமக்கும் பயன் தரும். பிழைப்புத் தேடிப் பிறந்த மண்ணை விட்டுச் செல்லும் மக்கள் அந்நிய மண்ணிலே ஓர் ஊரை எவ்வாறு ஆக்குகின்றனர் என்ற வினாவுக்கு, இச்சிறிய நிலப்பரப்பின் கதை விடை கூறுகின்றது.

1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஸ்ராம்போர்ட் ராபிள்ஸ் என்னும் ஆங்கிலேயர் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கினார். அடுத்த திங்களிலே சுல்தான் ஹுசைன் ஷாவோடும் தெமங்கோங் அப்துல் ரகுமானோடும் உடன்படிக்கை செய்து, கிழக்கிந்தியக் கம்பனிக்கு அங்கே ஒரு வாணிப நிலையத்தை அமைத்துக்கொண்டார். சுங்கம் வாங்காத துறைமுகம் என்ற செய்தி பரவவே, நாற்றிசையினின்றும் வணிகர் வந்து குவிந்தனர். 1821ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆமோய் நகரினின்றும் முதற் சீனப் பெருமரக்கலம் அங்கு வந்து நங்கூரமிட்டது. அதன் பின்னர் ஆண்டுதோறும் வாடைக் காற்றோடு சீன மரக்கலங்கள் வருவதும், சோழகக் காற்றோடு அவை திரும்புவதும் வழக்கமாயிற்று. 1824இல் எடுத்த குடிசன மதிப்பின்படி அவ்வூரில் வாழ்ந்தோர் 10,683 பேர். அவருட் சீனர் 3,317 பேர். 1860இல் மொத்தத் தொகை 81,734 ஆக, சீனர் 50,043 ஆயினர். நாற்பது ஆண்டுகளுக்குள் ஐந்தில் மூன்று பங்கினர் சீனரான நகரமாக அது மாறிற்று.

இவ்வளவு மக்களை எங்கே குடியேற்றுவது? இதனை ராபிள்ஸ் முன்னரே ஆராய்ந்தார். 1822ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நகர அமைப்புக் குழுவினருக்கு அவர் எழுதிய கட்டளையிலே, ஒவ்வோர் இனத்தவருக்கும் ஒவ்வொரு பகுதி வகுக்கப்பட வேண்டும் என்று குறித்தார். சீனரே பெருந்தொகையினராவர் என்பதை உணர்ந்து, ஆற்றின் தென்மேற்குக் கரை முழுவதையும் அவர்களுக்கென ஒதுக்கினார். சீனருக்குள்ளேயும் இன்ன மாகாணத்தவர் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்ற பிரிவினை அவர் கருத்திலே இருந்தது. பிலிப் ஜாக்சன் என்னும் அதிகாரி வரைந்த படத்திலே 'சீனக் கம்போங்' என்ற பெயருடன் அப்பகுதி காணப்படுகின்றது. கம்போங் என்பது மலாய் மொழியிலே குடியிருப்பைக் குறிக்கும் சொல். தமிழ் முஸ்லிம்களாகிய சூலியருக்கும், பூகிஸ் மக்களுக்கும், அராபியருக்கும் அவ்வாறே தனித்தனிப் பகுதிகள் குறிக்கப்பட்டன.

அக்கட்டளையிலே இன்னொரு விதியும் இருந்தது. வீதியின் இருமருங்கிலும் கட்டப்படும் வீடுகள் யாவும் ஒரே அளவான திறந்த விறாந்தை உடையனவாய் இருத்தல் வேண்டும். அவ்விறாந்தைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து, வழிப்போக்கர் வெயிலிலும் மழையிலும் வருந்தாது நடக்கும் கூரையுள்ள பாதையாதல் வேண்டும் என்பதே அது. பிற்காலத்தில் இதனை 'ஐந்தடிப் பாதை' என்று மக்கள் வழங்கினர். நடப்பதற்கென வகுத்த இப்பாதையே பின்னர் இப்பேட்டையின் உயிர்நாடியாயிற்று. முடி வெட்டுவோரும், செருப்புத் தைப்போரும், நாட்பலன் கூறுவோரும், கஞ்சி விற்போரும் அதன்மீதே கடை விரித்தனர். கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த ஒடுங்கிய நீண்ட கடைவீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

அரசினர் இட்ட பெயர் 'சீனக் கம்போங்' எனினும், மக்கள் வழங்கிய பெயர் வேறு. மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்றனர். சீனர் 'நியு சே சுய்' என்றனர். முன்னது தண்ணீர் வண்டி என்றும், பின்னது மாட்டு வண்டித் தண்ணீர் என்றும் பொருள்படும். குழாய் நீர் இல்லாத அக்காலத்திலே, ஆன் சியாங் குன்றின் அடிவாரக் கிணறுகளில் இறைத்த நீரை மாட்டு வண்டிகளில் ஏற்றி வீட்டுக்கு வீடு விற்றுச் சென்றனர். இவ்வண்டிகளே பேட்டைக்குப் பெயரைத் தந்தன.

நன்னீரின் அருமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1819ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். சிங்கப்பூரில் முதலாவது செங்கற் சூளையை அமைத்தவரும், கட்டட ஒப்பந்தகாரராய் விளங்கியவரும் அவரே. இந்துக்களுக்கு ஒரு கோவில் வேண்டுமென அவர் முயன்றபோது, முதலில் தெலோக் ஆயர் தெருவிலே நிலம் தரப்பட்டது. ஆனால் வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் அங்கே கிடைக்கவில்லை. இறுதியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் வீதியிலுள்ள இன்றைய நிலம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் ஓலையாலும் அமைந்த சிறு கோவில் எழுந்தது. பிற்காலத்தில் கற்கோவிலாய் வளர்ந்த அதுவே சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவிலாகிய மாரியம்மன் கோவில். ஊருக்குப் புதிதாய் வந்து உறைவிடம் இல்லாத தமிழருக்கு அது தங்குமிடமாகவும் உதவிற்று.

சீனர் பேட்டை சீனருக்கு மட்டுமே உரியதாய் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை இதனால் அறிகின்றோம். கோவிலுக்கு அணித்தே சூலியர் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல் நிற்கின்றது. அதனால் அடுத்த தெரு மொஸ்க் தெரு எனப் பெயர் பெற்றது. குறுக்குத் தெரு எனப் பொருள்படும் குரோஸ் தெருவை அந்நாளைத் தமிழர் 'பால்கடைச் சடக்கு' என்று வழங்கினர். சடக்கு என்பது அந்நாட்டுத் தமிழரிடையே வீதியைக் குறிக்கும் சொல். ஆட்சியாளர் வரைந்த கோடுகள் காகிதத்திலே நேராக இருந்தன. மக்களோ தொழிலும் வழிபாடும் அழைத்த இடங்களுக்கெல்லாம் அக்கோடுகளைக் கடந்து சென்றனர்.

தெலோக் ஆயர் தெருவை ஒருவர் நடந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1880களில் கடலை மண்ணிட்டு நிரப்பும் வரையில் அத்தெரு கடற்கரையாகவே இருந்தது. வந்திறங்கியவர் கால் வைத்த மண் அதுவே. ஹொக்கியன் சீனர் அங்கே கடலைத் தாண்டுவோரைக் காக்கும் மாசு என்னும் அன்னைக்குத் 'தியான் ஹொக் கெங்' என்ற கோவிலை எழுப்பினர். 1839இல் தொடங்கிய திருப்பணி 1842இல் நிறைவேறிற்று. அதே தெருவிலே, சில அடிகள் தள்ளி, நாகூர் ஆண்டகையின் நினைவாகச் சூலியர் எழுப்பிய தர்கா 1830 அளவிலே உருவாயிற்று. நாகூர் ஆண்டகையும் கடலோடிகளைக் காப்பவர் என்று போற்றப்படுபவர் என்பதை நம் கரையோர மக்கள் நன்கறிவர். கன்டனியரும் ஹக்காவினரும் 1824இல் நிறுவிய 'பூக் தக் சி' என்னும் சிறு கோவிலும் அதே தெருவிலேயே உள்ளது. மரக்கலத்தில் புயலையும் நோயையும் தப்பிக் கரையேறிய மாந்தர், மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவராயினும், ஒரே தெருவில் நின்று தத்தம் தெய்வத்துக்கு நன்றி கூறினர்.

இனி, வந்தவர்கள் யாவர் என்பதை நோக்குவோம். சீனர் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பினும், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத பல கூட்டத்தினர் அவர்கள். வாணிபத்தில் வல்ல ஹொக்கியன் மக்கள் தெலோக் ஆயர் பக்கத்திலும், தியோச்சூ மக்கள் ஆற்றங்கரையை ஒட்டியும், கன்டனியர் மாரியம்மன் கோவிலைச் சூழ்ந்த தெருக்களிலும் நெருங்கி வாழ்ந்தனர். தம் ஊரவரையே அண்டி வாழ்ந்தமையால் தொழிலும் அவ்வாறே பிரிந்தது. புதியவன் ஒருவன் வந்தால், அவன் பேசும் மொழியே அவன் எத்தெருவில் உறங்குவான், எத்தொழில் செய்வான் என்பதைத் தீர்மானித்தது.

அவர்களுட் பெரும்பாலோர் கப்பற் கூலி கொடுக்கவும் வகையற்ற ஏழைகள். தரகர் அவர்களைக் கடனுக்கு ஏற்றி வருவர். அக்கடனைத் தீர்க்கும் வரையில் அவர்களுடைய உழைப்பு முதலாளிக்கு உரியது. இவ்வாறு வந்தோரைச் சீனரே 'பன்றிக் குட்டிகள்' என்று இழித்துக் கூறினர் என்றால், அவர்கள் நடத்தப்பட்ட முறையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். நாம் முதலிற் கண்ட பகோடா தெருவிலேயே அத்தகைய கூலிக் கிடங்குகள் இருந்தன. அன்னையின் கோபுர நிழலிலே மனிதரை அடைத்து வைத்து, மிளகு, கம்பிர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் அனுப்பினர். 1877ஆம் ஆண்டு வரையில் அரசினர் இதனைக் கண்டும் காணாதிருந்தனர். அவ்வாண்டிலே சீனப் பாதுகாப்புப் பகுதி நிறுவப்பட்டது. அதன் முதல் அதிகாரியாகிய வில்லியம் பிக்கரிங் சீனப் பேச்சு மொழிகள் பலவற்றை அறிந்தவர். கூலிகளோடு அவர்கள் மொழியிலேயே பேசி முறைப்பாடு கேட்ட முதல் அதிகாரி அவர் எனலாம்.

அபினியைப் பற்றியும் கூறாமல் விட முடியாது. நாள் முழுதும் சுமை சுமந்தும் வண்டி இழுத்தும் களைத்த உடம்புக்கு அபினி ஒரு மயக்கத்தைத் தந்தது. அதனை விற்கும் உரிமையை அரசினர் ஏலத்தில் விட்டனர். 1910 முதல் அவ்வாணிபத்தைத் தாமே நடத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே குடியேற்ற அரசின் வருவாயில் ஏறத்தாழ அரைப்பங்கு அபினியினால் வந்தது. தீர்வை இல்லாத் துறைமுகம் என்று உலகம் புகழ்ந்த நகரத்தின் செலவை, அபினிக் குடிலில் படுத்திருந்த கூலியே பெரும்பாலும் செலுத்தினான். சீனர் பேட்டையை ஒழுக்கக்கேட்டின் உறைவிடம் என்று பழித்தெழுதிய அக்காலத்து ஐரோப்பியர் பலர் இக்கணக்கை எழுதவில்லை.

இந்நிலையில் ஏழைக்குத் துணையாக நின்றது எது? அவனுடைய சங்கமே. ஊரின் பெயராலும், குலப் பெயராலும், தொழிலின் பெயராலும் சீனர் சங்கங்களை அமைத்தனர். புதியவனுக்குப் படுக்க ஓரிடம் தருவதும், வேலை தேடித் தருவதும், வழக்கைத் தீர்ப்பதும், நோயுற்றால் பார்ப்பதும், இறந்தால் அடக்கம் செய்வதும் அச்சங்கங்களின் கடன். உறவற்ற மண்ணிலே தன் உடல் அநாதையாய்க் கிடக்குமோ என்ற அச்சமே குடியேறிய ஏழையின் நெஞ்சை மிகுதியாக வருத்தியது. அந்த அச்சத்தைப் போக்கியமையாலேயே சங்கங்கள் வேரூன்றின.

செல்வர்களும் தம் கடமையை மறக்கவில்லை. மலாக்காவிற் பிறந்து, சிங்கப்பூரிலே காய்கறி விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய தான் தொக் செங், பெருவணிகராய் உயர்ந்த பின் ஏழைகளின் வைத்தியசாலைக்கென 7,000 ஸ்பானிய டொலரை வழங்கினார். 1844இல் பேட்டையை அடுத்த பேர்ள்ஸ் குன்றிலே அதற்கு அத்திவாரக்கல் நாட்டப்பட்டது. அவ்வைத்தியசாலை இன்றும் அவர் பெயரோடு வேறிடத்தில் இயங்குகின்றது. தியான் ஹொக் கெங் திருப்பணியிலும் அவரே முன்னின்றார். 1867இல் தோன்றிய தோங் சாய் மருத்துவ நிலையம் இன வேறுபாடு பாராது எல்லா ஏழைகளுக்கும் இலவசமாகச் சீன வைத்தியம் செய்தது. அரசினர் செய்யத் தவறியதை ஊரவர் தாமே செய்துகொண்டனர்.

ஆயினும் சங்கங்களை முழுதும் புகழ்ந்து விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவற்றுட் சில இரகசியக் கூட்டங்களாய் வளர்ந்து, சூதாட்டத்தையும் அபினிக் குடில்களையும் தம் கைக்குள் வைத்திருந்தன. 1854ஆம் ஆண்டு மே மாதத்திலே ஹொக்கியன் ஒருவருக்கும் தியோச்சூ ஒருவருக்கும் அரிசி விலையிலே எழுந்த சிறு பூசல், நகரமெங்கும் கலகமாய் மூண்டு, பத்து நாளுக்கு மேல் நீடித்து, நூற்றுக்கணக்கானோர் உயிரைக் குடித்தது. தன் கூட்டத்தவனைத் தாங்கும் அன்பு, பிற கூட்டத்தவன்மேல் பகையாய்த் திரும்புவது எளிது என்பதற்கு அது துயரமான சான்று. 1890இல் நடைமுறைக்கு வந்த சங்கச் சட்டம் இரகசியக் கூட்டங்களைத் தடைசெய்தது. ஊர்ச் சங்கங்களோ பாடசாலைகளையும் அறங்களையும் நடத்தித் தொடர்ந்து வாழ்ந்தன.

நெடுங்காலம் இப்பேட்டை ஆண்களின் ஊராகவே இருந்தது. 1860களிலே சீன ஆண் பதினைவருக்கு ஏறத்தாழ ஒரு பெண்ணே இருந்தாள். வந்தவன் ஓரிரு ஆண்டுகள் உழைத்துத் திரும்பலாம் என்றே வந்தான். மனைவி ஊரிலே காத்திருந்தாள். ஆதலால் பேட்டையிலே கடிதம் எழுதுவோர் தொழில் செழித்தது. ஐந்தடிப் பாதையிலே சிறு மேசையும் தூரிகையும் மைக்கல்லும் வைத்துக்கொண்டு அவர்கள் அமர்ந்திருப்பர். எழுத்தறியாத கூலி அருகே குந்தியிருந்து சொல்லுவான், அவர் எழுதுவார். எழுதிய கடிதத்தோடு பணத்தையும் சேர்த்து அனுப்பும் கடைகள் இருந்தன. பணம் சேர்ந்தது என்ற பதில் மடலும் அக்கடை வழியே வரும். இத்தகைய மடல்கள் 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்க்கப்பட்டன. அரசர்களின் சாசனங்களுக்கு ஒப்பாக, கூலிகளின் வீட்டுக் கடிதங்களும் உலகத்தின் செல்வம் என்று கொள்ளப்பட்டமை மகிழ்தற்குரியது.

1880இல் றிக்‌ஷா வண்டி சிங்கப்பூருக்கு வந்தது. கடைசியாக வந்த ஏழைகளுக்கு எஞ்சிய தொழில் அதுவே. வண்டி முதலாளியுடையது, கால் மாத்திரமே இழுப்பவனுடையது. அறைக்குப் பலராக ஒண்டிக் கிடந்து, முறைவைத்து உறங்கி, இரவும் பகலும் ஓடினர். பேட்டையின் தென்முனையிலே 1903இல் கட்டப்பட்ட றிக்‌ஷாப் பதிவு நிலையம் இன்றும் இருக்கின்றது. 1947இல் அவ்வண்டிகள் முற்றாக ஒழிக்கப்பட்டன.

1930களிலே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலை குன்றவே, சீன ஆண்களின் வரவை அரசினர் சட்டத்தால் மட்டுப்படுத்தினர். 1933இல் வந்த அந்நியர் சட்டம் தொடக்கத்திலே பெண்களைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் குவாங்டுங் மாகாணத்து உழவர் குடிப் பெண்கள் தாமே பிழைப்புத் தேடிக் கப்பலேறினர். சம்சூய் என்னும் ஊரவர் அவர்களுட் பெயர் பெற்றவர். நீல நிற ஆடையும், தலையிலே மடித்துக் கட்டிய செந்நிறத் துணியும் அணிந்து, கட்டட வேலையிலே மண்ணும் கல்லும் சுமந்தனர். மணம் செய்வதில்லை என்று விரதம் பூண்டு, செல்வர் இல்லங்களிலே வேலை செய்த 'அமா' மாரும் அக்காலத்தில் பலர் வந்தனர். சிங்கப்பூரின் பழைய மாளிகைகளின் சுவர்களிலே இப்பெண்களின் தோள்வலி கலந்திருக்கின்றது.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. சில நாட்களுக்குள் சீன ஆண்கள் யாவரும் குறித்த இடங்களில் வந்து கூட வேண்டுமென ஆணை பிறந்தது. அவ்விடங்களுள் ஒன்று இப்பேட்டையிலே இருந்தது. பகைவர் என ஐயுற்றோரை லொறிகளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுசென்று சுட்டுக் கொன்றனர். 'சூக் சிங்' என்று இக்கொடுமையைச் சீனர் குறிப்பர். மாண்டோர் தொகையைச் சிலர் ஐயாயிரம் என்பர். சிலர் அதனினும் பன்மடங்கு என்பர். மாண்டோரின் எலும்புகள் பிற்காலத்தில் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்களுக்கும் போரிலே மடிந்த பிற இனத்தவருக்குமாக 1967இல் நகரின் நடுவே ஒரு நினைவுத் தூண் எழுப்பப்பட்டது.

போர் முடிந்தபின் பேட்டையின் நெரிசல் எல்லை கடந்தது. இந்நெரிசல் புதியதன்று. 1907இலேயே பேராசிரியர் சிம்சன் என்பவர் இவ்வீடுகளை ஆராய்ந்து, பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சாளரமற்ற சிற்றறைகளில் காற்றும் ஒளியும் இன்றி மக்கள் காசநோய்க்கு இரையாவதை அறிக்கையில் எழுதியிருந்தார். வீடுகளின் பின்புறத்தே ஒழுங்கைகள் வெட்ட வேண்டும் என்பது அவர் கூறிய பரிகாரம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் பாரிங்டன் கே என்னும் ஆய்வாளர் இங்குள்ள அப்பர் நன்கின் தெருவை வீடு வீடாக ஆராய்ந்து, 1960இல் ஒரு நூலை வெளியிட்டார். ஒரு சிற்றறையே ஒரு குடும்பத்தின் முழு வீடாயிருந்த நிலையை அந்நூல் உலகுக்குக் காட்டிற்று.

அச்சிற்றறையிலே வாழ்வதற்கே இடம் போதாதபோது, சாவதற்கு எங்கே இடம்? இவ்வினாவுக்கு விடையாய் எழுந்ததே சேகோ ஒழுங்கை. சவ்வரிசித் தொழிற்சாலைகள் ஒருகாலத்தில் அங்கு இருந்தமையால் வந்த பெயர் அது. கன்டனியரோ அதனைச் 'செத்தவர் தெரு' என்றனர். வாடகை அறையிலே ஒருவர் இறந்தால் வீட்டுக்குத் தீமை வரும் என்று சீனர் பலர் அஞ்சினர். ஆகவே மரணத்தை நெருங்கிய முதியோர், சிறப்பாக உற்றார் இல்லாதோர், இவ்வொழுங்கையிலுள்ள 'மரண வீடு'களுக்குச் சென்று மேல்மாடியிலே படுத்துக்கொள்வர். கீழ்த்தளத்திலே ஈமச் சடங்கு நடைபெறும். எதிரே பிரேதப் பெட்டிக் கடையும், மறுமைக்கென எரிக்கும் கடதாசி வீடுகளைச் செய்யும் கடையும் இருந்தன. தன் சாவுச் சடங்கின் ஓசையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு முதிய சம்சூய்ப் பெண் அங்கே கிடந்திருப்பாள் என்று எண்ணும்போது நம் நெஞ்சு கலங்குகின்றது. எனினும், தெருவிலே அநாதையாய் வீழ்ந்து கிடவாமல், தன் மொழி பேசுவோர் நடுவிலே, தன் முறைப்படி சடங்கு பெற்றுச் செல்வோம் என்ற உறுதியும் அவளுக்கு அங்கேதான் கிடைத்தது. 1961இல் மரண வீடுகள் சட்டத்தால் மூடப்பட்டன.

1960ஆம் ஆண்டு பெப்ரவரியிலே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. தொடர்மாடி வீடுகள் விரைந்து எழுந்தன. குழாய் நீரும், மின்னொளியும், தனி மலசலகூடமும் உள்ள அவ்வீடுகளுக்குப் பேட்டை மக்கள் படிப்படியாகப் பெயர்ந்தனர். வாளியிலே மலம் அள்ளும் முறை 1987இல் நாடு முழுவதும் முடிவுற்றது. தெருவோர வியாபாரிகள் 1983இல் புதிதாகக் கட்டப்பட்ட பெருங்கட்டடத்துக்குள் மாற்றப்பட்டனர். இம்மாற்றங்களைக் குறை கூறுதல் பேதைமை. இருளறையிலே காசநோயோடு வாழ்ந்த தாயிடம் சென்று, உங்கள் பழைய தெரு எவ்வளவு அழகானது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆயின் மக்கள் பெயர்ந்தபின், எஞ்சிய கட்டடங்களை என்செய்வது என்ற வினா எழுந்தது. பல வரிசைகள் இடிக்கப்பட்டன. அப்பர் நன்கின் தெருவின் பழைய வீடுகள் இன்று இல்லை. பின்னர் அரசினர் மனமாற்றம் கொண்டு, 1989இல் இப்பேட்டையைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகப் பிரகடனம் செய்தனர். கடைவீடுகள் செப்பனிடப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டுப் புதுப்பொலிவு பெற்றன. வாடகையும் உயர்ந்தது. பழைய தொழில் செய்வோர் ஒருவர்பின் ஒருவராய் வெளியேற, உல்லாசப் பயணிகளுக்கான கடைகள் நிறைந்தன. 1998இல் சுற்றுலாச் சபை இப்பேட்டையை மேலும் அலங்கரிக்கத் திட்டம் வகுத்தபோது, சிங்கப்பூர் மக்களே பலர் அதனை எதிர்த்துரைத்தனர். எங்கள் பாட்டனார் வாழ்ந்த தெருவை வேடிக்கைக் காட்சியாக்காதீர் என்பது அவர்கள் கூறியதன் சாரம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பழைய வறுமையை மீண்டும் அழைக்க எவரும் விரும்பார். ஆனால் அவ்வறுமையின் நடுவிலே மக்கள் தாமாகவே ஆக்கிக்கொண்ட துணைமை இருந்ததே, அதற்குச் சுவரையும் சாளரத்தையும் மட்டும் காத்தல் போதுமா? ஐந்தடிப் பாதை இன்றும் உண்டு; அதிலே கடிதம் எழுதுவோர் இல்லை. நோயாளிக்கு அரசாங்க வைத்தியசாலை உண்டு. புதியவனுக்குத் தொழிற் சட்டம் உண்டு. சங்கம் செய்த பணிகளுட் பலவற்றை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது நன்றே. இருந்தும், ஒருவரை ஒருவர் அறிந்த தெருவை எந்தக் கழகமும் கட்டித் தர இயலாது. புதிய தொடர்மாடிகளுக்குச் சென்ற முதியோர் பலர், நெடுந்தூரம் பயணம் செய்து வந்து பழைய பேட்டையின் முற்றத்திலே அமர்ந்து சதுரங்கம் ஆடிச் செல்வது இன்றும் காணும் காட்சி. அவர்கள் தேடி வருவது கட்டடத்தை அன்று.

இன்னும் மாறாதன சில உள. தியான் ஹொக் கெங்கின் எதிரே கடல் இல்லை. உயர்ந்த மாளிகைகளே நிற்கின்றன. ஆயினும் கடலன்னைக்கு ஊதுவத்தி ஏற்றுவோர் வருகின்றனர். ஐப்பசியில் தீமிதித் திருவிழா நடைபெறும்போது, சிராங்கூன் வீதிப் பெருமாள் கோவிலிலிருந்து புறப்படும் அடியார்கள் நள்ளிரவிலே சீனர் பேட்டையை வந்தடைந்து, மாரியம்மன் திருமுன்னே பூக்குழி இறங்குகின்றனர். அக்கோவிலிலே கைகூப்பி நிற்கும் சீன மாதரையும் காணலாம். கோபுரத்தால் பெயர்பெற்ற தெருவில் இரு நூற்றாண்டுகளாய் அயலவராய் வாழ்ந்தோருக்கு அது புதுமையாகத் தோன்றுவதில்லை.

ராபிள்ஸ் வரைந்த திட்டம் மக்களைத் தனித்தனியே பிரித்து வைக்க முயன்றது. அப்பேட்டையின் இயல்பை ஆக்கியவர்களோ தண்ணீர் வண்டிக்காரரும், கடிதம் எழுதியோரும், றிக்‌ஷா இழுத்தோரும், கல் சுமந்த பெண்களும், கோவிலும் பள்ளியும் சங்கமும் கட்டியோருமே. அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. நம் முன்னோரும் அவ்வாறே கடல் கடந்து சென்று பெயர் தெரியாது உழைத்தவர் ஆதலின், அவர்கள் கதையை நம் கதையின் ஒரு பகுதியாகவே கேட்டல் தகும்.